அச்சேறிய தொட்டில்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. என் தொண்டை முன்னைப்போல இல்லை. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்றைக்கு ராஜா கதை வேண்டாம். கதை எழுதத் தெரிந்த ஒருத்தி, தான் எழுதிய கதையைப் பார்த்தே வெலவெலத்துப் போன கதையைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். அடைத்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு நம் பக்கம் ஓடி வந்தார்களே, அதற்கு நாலைந்து வருஷம் முந்தி. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. மேனாம்பேட்டில் தசரதன் வீட்டுப் பின்பக்கம் மூன்று பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் பொன்னம்மாள் ஓட்டைத் தட்டிப் போட, மூத்த மருமகள் தாட்சாயிணி நாரை உரிக்க, இளைய மருமகள் சொர்ணம் கொட்டையைப் பிதுக்கிக் கூடையில் எறிந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் தபால்கார வேம்புலி படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"யக்கா, கைய தொடச்சிகினு வா. பட்டணத்துலேர்ந்து ஒனுக்கு புக்கு வந்துக்கீது."

தாட்சாயிணி எழுந்திருக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த புளியைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள்.

"ஒன் ஊட்டுக்காரரு ஒரு மாசமா போஸ்டாபீஸ் வாசல்ல நின்னுகினு, வந்துச்சா வந்துச்சான்னு என் உசுர எடுத்துட்டாரு. இன்னைக்காவது நான் நிம்மதியா சோறு துன்னுவேன்" என்றான் வேம்புலி.

பொன்னம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வாங்கினாள். மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தாள். பத்திரிகையைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"தலகீயா புடிச்சிக்கீற ஆயா."

"எனுக்கு எப்டி புடிச்சாலும் ஒண்ணுதான்டா. இதுல என் மருமவ பேரு கீதா?"

"கீதாம். போஸ்ட்மாஸ்டரு சொன்னாரு. மேனாம்பேடுன்னு நம்ம ஊரு பேரும் போட்டுக்கீதாம்."

பொன்னம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தெருவுல அல்லாரையும் நாளைக்கு மத்தியானம் கூப்புடப் போறேன். நீயே படிக்கணும் தாட்சா. டீச்சரம்மா கைலயும் சொல்லி அனுப்பணும்" என்றாள். தாட்சாயிணி தலையை ஆட்டினாள். எதிரே சொர்ணம் தலை நிமிராமல் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் புத்தகத்துக்குள் அச்சாகி வந்திருந்தது சொர்ணத்தின் உயிர். அது தாட்சாயிணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். தாட்சாயிணி பூந்தமல்லியில் பிறந்தவள். நாலாவது வரை படித்தவள். மேனாம்பேட்டுக்கு வாழ வந்த புதிதில் அவளுக்கு ஒரு வியாதி வந்தது. நன்றாகத்தான் இருப்பாள், திடீரென்று மூச்சு பாதியில் நின்று, கை சில்லிட்டு, இப்போதே ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றிவிடும். என்ன கெட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திருமழிசையில் ஒருவரிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள். கயிறு கையிலேயே இருந்து நைந்துபோனது. வியாதி அப்படியே இருந்தது. அவள் புருஷன் தசரதன் நல்ல மனுஷன், பிள்ளை இல்லையே என்று ஒருநாளும் குத்திக் காட்டாதவன். அவள் மூச்சுக்குத் தவிக்கும்போதெல்லாம் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். விசிறியால் ஆகிற காரியமா அது?

பிறகு குத்தம்பாக்கத்திலிருந்து இளைய மருமகளாகச் சொர்ணம் வந்தாள், தசரதனின் தம்பி பரந்தாமனைக் கட்டிக்கொண்டு. பரந்தாமன் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வருகிறவன். மற்ற ஆறு நாளும் சொர்ணத்துக்குத் தாட்சாயிணிதான் துணை. இரண்டு பேரும் ஒரே ஆட்டுக்கல்லில் மாவாட்டுவார்கள். ஒருத்தி குழவியைச் சுற்ற, ஒருத்தி மாவைத் தள்ளிவிடுவாள். ஒருநாள் வாய் சும்மா இருக்கிறதே என்று தாட்சாயிணி, ஏரியில் தண்ணீர் மொள்ளப்போன ஒருத்தி குடத்துக்குள் ஒரு குரலைக் கேட்டாள் என்று எதையோ ஆரம்பித்தாள். சொர்ணம் "ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம்?" என்றாள். அப்புறம் என்ன என்று தாட்சாயிணிக்கே அதுவரை தெரியாது. சொர்ணம் கேட்டதால் தெரிந்தது.

அன்றைக்கு அவளுக்கு மூச்சு முட்டவில்லை. மறுநாளும் முட்டவில்லை.

அப்படித்தான் வழக்கமாயிற்று. முதலில் சொர்ணத்தின் காதுக்குச் சொல்வாள். சொர்ணம் "ம்" கொட்டிய இடமெல்லாம் நிற்கும். கொட்டாத இடம் உதிர்ந்துவிடும். மத்தியானத்தில், கல்யாண நோட்டீசின் பின்பக்கமோ சர்க்கரை மடித்து வந்த காகிதமோ எது கிடைக்கிறதோ அதில் எழுதுவாள். முடித்ததைத் துணியில் கட்டி விளக்கு மாடத்தில் வைப்பாள். அதற்கு மேல் தசரதன் வேலை. அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மாடத்தில் முடிச்சு இருந்தால் அது அம்பத்தூர் தபாலாபீசுக்குப் போக வேண்டியது என்று தெரியும். எடுத்துப்போய், போஸ்ட்மாஸ்டர் கையால் விலாசம் எழுதி வாங்கிப் பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வருவான். மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தது. "வந்தா இன்னா, நம்ம ஊட்டுக்கு வயி தெரிஞ்சிதான வந்துச்சி" என்று சிரித்தான் மனுஷன்.

சொர்ணத்துக்குப் பிள்ளைப்பேறு வந்தது. இரண்டு பகல் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. குழந்தை தங்கவில்லை, தாயைப் பற்றியும் மருத்துவச்சி, சொல்றதுக்கில்லை என்று கையை விரித்துவிட்டாள். எப்படியோ சொர்ணம் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மாதம் கழித்துப் பொன்னம்மாள் தன் கூறைப் புடவையை எடுத்தாள். முப்பது வருஷமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவை. அதன் அரக்குக் கரையோடு ஒரு முழம் கிழித்து, ஏரிக்கரைப் பொன்னியம்மன் கோயில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டினாள். குழந்தைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்லை அதில் கிடத்தினாள். பரந்தாமனும் சொர்ணமும் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

பத்தாம் நாள் தொட்டிலைக் காணவில்லை.

பொன்னம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற வேளையில், "எவ அவுத்தாளோ அவ ஊடு எயவு ஊடாப் போவணும், அவ வயிறு எரியணும்" என்று தவறாமல் சாபம் விடுவாள். ஆடி வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் சொர்ணத்துக்கு ஒன்றும் நிற்கவில்லை என்றால் தன் தம்பி பெண்ணைப் பரந்தாமனுக்கு இரண்டாம் தாரமாகக் கொண்டுவந்து விடுவாளாம். அதையும் மறைக்காமல்தான் சொன்னாள்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சொர்ணம் அரிவாளை நிறுத்தாமலே சொன்னாள்: "அக்கா, நான்தான் அவுத்தேன்."

"இன்னாத்த?"

"தொட்டில. இன்னொரு தபா என்னால முடியாதுக்கா, செத்துப் பூடுவேன். கல்ல ஏரில போட்டுட்டேன். துணிய எறிய மனசு வல்ல. அத்தையோட கூறப் பொடவையாச்சே. என் பொட்டில அடியில வச்சிக்கீறேன்." இன்னொரு பிடி புல்லை அறுத்துப் போட்டுவிட்டு, "அம்மன் கைலகூட சொல்லல. ஒங் கைல மட்டுந்தான் சொல்லிக்கீறேன்" என்றாள்.

தாட்சாயிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அதற்குப் பிறகு சொர்ணம் மாறிவிட்டாள். மாவாட்டும்போது குனிந்த தலை நிமிராது. தாட்சாயிணி எதையாவது ஆரம்பித்தால் அதற்கு "ம்" வராது. காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. சொல்லிவிட்டோமே என்று பயப்படுகிறாளா, தன்னைப் பார்த்தாலே அது நினைவுக்கு வருகிறதா என்று தாட்சாயிணி தனக்குள் குமைந்தாள். கதைகள் நின்றுபோயின. முதல் வரி வரும்; இரண்டாவது வரியைக் கேட்க ஆள் இருக்காது. பழைய வியாதி திரும்பி வந்தது. துணி துவைக்கையில் வந்தது, சோறு வடிக்கையில் வந்தது. தசரதன் மறுபடி விசிறியை எடுத்தான்.

அந்த நாளில்தான் அவள் அதை எழுதினாள். எழுதவில்லை என்றால் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது, எழுதினாள். இரண்டே மத்தியானம். பேனா தயங்கவே இல்லை. சொர்ணத்தைப் பவளம் என்று மாற்றினாள். ஊரை மாற்றினாள், வேம்பை அரசமரமாக்கினாள், ஏரியை ஆறாக்கினாள். மாமியாரின் கூறைப் புடவையில் கிழித்த அரக்குக் கரைத் துணியை மட்டும் மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வரி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பவளம் அந்தத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுவதோடு கதை முடிந்தது.

முடித்ததும் நெஞ்சு லேசானது. பழகிய கை துணியில் கட்டி மாடத்தில் வைத்துவிட்டது. மறுநாள் தகப்பனார் திதிக்காகப் பூந்தமல்லிக்குப் போனாள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் மாடத்தில் விளக்கு மட்டும் இருந்தது.

"போட்டுட்டேன்" என்றான் தசரதன். "நீ படுத்தே கெடந்தியே, நாலு மாசம் கயிச்சி ஒண்ணு எயுதிக்கீற. ஒடனே அனுப்பணும்னு ஓடனேன்."

அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் உட்கார்ந்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் கண்ணுகளா. அவள் அதைத் தடுத்திருக்கலாம். ஒரு கார்டு எடுத்து, பத்திராதிபர் அவர்களுக்கு, தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம் என்று எழுதவும் செய்தாள். எழுதி அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். முதல் நாள் தசரதன் கழனியில் இருந்தான். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள், எப்படியும் திரும்பித்தானே வரப்போகிறது என்று தோன்றியது. இதற்கெல்லாம் அடியில் ஒரு ஆசை, சின்னப் பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. இது நல்ல கதை. இதுவாவது நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும். இருபது நாள் கழித்து, பிரசுரிக்கிறோம் என்று பதில் வந்தது. எழுதி வைத்திருந்த கார்டை அடுப்பில் போட்டுவிட்டாள்.

இப்போது புத்தகம் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்த கை சும்மா இருக்கக்கூடாது என்று, உடைக்க ஆளுக்கொரு பிடி புளியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வீட்டுத் துலுக்கானத்தின் பெண்சாதி பேபி முன்வரிசையில் உட்கார்ந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஞானசௌந்தரி குடையை மடக்கிக்கொண்டு வந்து, சரியாகத் தாட்சாயிணியின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொர்ணம் கடைசியில், கூடைக்குப் பின்னால்.

டீச்சர் குனிந்து தாட்சாயிணியின் காதோடு சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமையே வந்துடுச்சு. படிச்சிட்டேன் தாட்சாயிணி. ரெண்டு நாளா எனக்கு வேற நெனப்பே இல்ல. அந்தக் கூறைப் புடவை..."

"இன்னா பொடவ டீச்சரம்மா?" என்றாள் பொன்னம்மாள்.

"ஒண்ணுமில்ல அத்தே. படிக்கிறேன், கேளு."

சொன்ன வேகத்தில் தாட்சாயிணியின் குரல் பிளந்துவிட்டது. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொன்னம்மாளை. பிறகு, கூடைக்குப் பின்னால் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த சொர்ணத்தை. டீச்சரின் விரல் தன் கழுத்துச் சிலுவையைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

தாட்சாயிணி புத்தகத்தைப் பிரித்தாள். தொட்டில் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே அவள் பெயர். எத்தனை மத்தியானங்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பாள். இப்போது அந்த எழுத்துகள் எறும்புகளைப்போல நகர்ந்தன.

"பவளத்தின் கிணறு" என்று படித்தாள்.

டீச்சர் அசையவில்லை.

தாளில் இருந்தது ஒன்று. அவள் வாயில் வந்தது வேறு. பவளம் என்று ஒருத்தி. அவள் புருஷன் கிணறு வெட்டுகிறான். பத்து முழம் போயும் தண்ணீர் இல்லை, பாறைதான். ஊரார் சிரிக்கிறார்கள். பவளம் தினமும் சோறு கொண்டுபோய், கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறாள். இதுவரைக்கும் வந்துவிட்டாள். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். கண் எதிரே உண்மையான கதை கறுப்புக் கறுப்பாய் நிற்க, அதைப் பார்க்கக்கூடாது என்று கண் பிடிவாதம் பிடிக்க, மூச்சு பாதியில் போய் நின்றது. கை சில்லிட்டது. பெண்கள் புளியிலிருந்து தலை தூக்கினார்கள்.

"இன்னாடி ஆச்சி? எயுத்து தெரியலியா? டீச்சரம்மா, நீங்க படிங்களேன்" என்றாள் பொன்னம்மாள்.

டீச்சர் வாயைத் திறக்குமுன் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ம்."

தாட்சாயிணி நிமிர்ந்தாள். ஆறு மாதமாகக் கேட்காத சத்தம்.

"அப்புறம்?" என்றாள் சொர்ணம். "சோத்த எறக்குனாளே. அவன் கெணத்துக்குள்ளேர்ந்து இன்னா சொன்னான்?"

மூச்சு இறங்கியது. அவன் என்ன சொன்னான் என்று தாட்சாயிணிக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஏறி வர பயமாக இருக்கிறது என்று சொன்னான், ஊரார் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று. பவளம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே கீழே இறங்கினாள். இரண்டு பேரும் அடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றார்கள். சொர்ணம் "ம்" கொட்டினாள். தாட்சாயிணி சொல்லிக்கொண்டே போனாள், சொர்ணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நடுவில் ஞாபகம் வந்து ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

முடிந்தபோது பொன்னம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எங்க மாமனாரு கெணறு வெட்டனப்ப இப்டித்தான் நடந்துச்சி" என்றாள்.

பேபி எட்டிப் பார்த்தாள். "ஏங்க்கா, இம்மாம் பெரிய கதைக்கு ரெண்டே பக்கந்தானா?"

தாட்சாயிணி புத்தகத்தைப் படக்கென்று மூடினாள்.

"பொடி எழுத்து" என்றாள் டீச்சர். "பொடி எழுத்துல நெறைய அடங்கும்."

"சரியாத்தான் படிச்சாளா டீச்சரம்மா?"

"ஒரு எழுத்து பிசகல" என்று சொல்லிவிட்டு டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில் தாட்சாயிணியின் தோளை ஒரு தடவை அழுத்தினாள். "நாளைக்குக் காலையில பூசைக்கு முன்னாடி நான் இதுக்குச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்று முணுமுணுத்தாள். சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

பெண்கள் கலைந்தார்கள். பொன்னம்மாள் புத்தகத்தை வாங்கி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு பரந்தாமன் வருவான் இல்ல, அவன் கைல குடுத்து இன்னொரு தபா படிக்கச் சொல்லணும். மெதுவா எயுத்துக் கூட்டிப் படிப்பான். எனுக்கு அப்டிக் கேட்டாத்தான் மனசுல நிக்கும்."

பரந்தாமனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்பதைத் தாட்சாயிணி மறந்தே போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தபோது மாடத்தில் புத்தகம் இல்லை. தாட்சாயிணி அடுப்பில் தேடினாள், அரிசிப் பானைக்கு அடியில் தேடினாள். சொர்ணம் புல் அறுக்கப் போய்விட்டாள் என்றாள் மாமியார். தாட்சாயிணி அரிவாளை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். ஏரிக்கரைக்குக் கீழே, வரப்பில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம்.

"படி" என்றாள். "நேத்து படிச்சத இல்ல. இதுல இன்னா கீதோ அத்த."

"ஒனுக்கு எப்டி..."

"படிக்கிறப்ப நீ ஆரையும் பாக்க மாட்ட. நேத்து என் மூஞ்சிய பாத்துகினே இருந்த. படி."

தாட்சாயிணி உட்கார்ந்தாள். படித்தாள். கரைக்கு அந்தப் பக்கம் ஆவடி போகிற ரயில் கூவிக்கொண்டு போனது. அது போகும்வரை நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள். தொட்டில் வந்தது, கூழாங்கல் வந்தது, கூறைப் புடவையின் அரக்குக் கரை வந்தது. ஒரு இடத்தில்கூடச் சொர்ணம் "ம்" கொட்டவில்லை. கடைசி வரியையும் படித்து முடித்தாள். கீழே சேற்றில் ஒரு கொக்கு இரண்டு அடி வைத்து நின்றது.

"அவுக்குறப்ப அந்தப் பவளம் அயுவுறாளாக்கா?"

"ஆமா."

"நான் அயுவல."

தாட்சாயிணி அவளைப் பார்த்தாள்.

"எனுக்கு சந்தோசமா இருந்துச்சி. கல்ல தண்ணில போட்டேன் பாரு, அது முயுவுறத பாத்துகினே நின்னேன். சிரிச்சேன்னுகூட நெனைக்கிறேன். வர்ற வயியில பாட்டு வந்துச்சி வாயில." சொர்ணம் புல்லைக் கிள்ளினாள். "பயந்துகினு அவுத்தேன்னு சொன்னா நீ கைய புடிச்சிப்ப. சந்தோசப்பட்டேன்னு எப்டி சொல்றது? நீயும் ஒரு புள்ளைக்கு ஏங்கினு கீறவ. அதான் ஒன் மூஞ்சிய பாத்து வாயத் தொறக்க முடியல."

ஆறு மாதத்து மௌனம் அதுதான். தாட்சாயிணி அதற்கு என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டு, எங்கெங்கோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிடு சொர்ணம். நான் வேணும்னு அனுப்பல. ஆனா தடுக்கவும் இல்ல. தடுத்திருக்கலாம்."

"தெரியும்."

"வேற மாதிரி எயுதறேன். நீ சொன்னாப்பல."

"அச்சுல வந்தத எப்டி மாத்துவ?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

சொர்ணம் எழுந்து புல்லைக் கட்ட ஆரம்பித்தாள். பாதிப் புல்லைப் பரப்பி, அதன்மேல் புத்தகத்தை வைத்து, மேலே மீதிப் புல்லைப் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சிட்டாள். "தூக்கி உடு" என்றாள். தாட்சாயிணி கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். ஈரப் புல், தண்ணீர் அவள் காதோரம் வழிந்தது.

"அத்த இன்னா பண்ணப் போற?"

சொர்ணம் கரைமேல் ஏறி முன்னால் நடந்தாள். ஏரியில் எறியத்தான் போகிறாளோ என்று தாட்சாயிணி பின்னாலேயே போனாள். ஏரியைத் தாண்டினார்கள். கோயில் வேப்பமரத்தையும் தாண்டினார்கள். சொர்ணம் நிற்கவில்லை.

வளைவில் பரந்தாமன் எதிரே வந்துகொண்டிருந்தான். ரயிலிலிருந்து இறங்கி நேரே வருகிறான். சட்டையைத் தோளில் போட்டிருந்தான். சொர்ணத்தைப் பார்த்ததும் நடையை எட்டிப்போட்டான்.

"இன்னாமே, இம்மாம் பாரத்த தூக்கினு கீற? ஒடம்பு இன்னும் தேறலன்னு அம்மா சொல்லிச்சே. குடு, நான் எடுத்தாறேன்."

அவன் இரண்டு கையையும் தூக்கிக் கட்டைப் பிடித்தான். சொர்ணம் தன் கைகளை எடுக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை. கழுத்தை நிமிர்த்தி, அவன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு கைகளுக்கும் நடுவே அந்தப் பச்சைக் கட்டு காற்றில் நிற்பதுபோல நின்றது. ஒளிக்கிறாளா, அவனிடமே கொடுக்கிறாளா என்று புரியாமல் பின்னால் நின்ற தாட்சாயிணிக்கு, புல்லுக்கு நடுவில் ஈரத்தில் நனைந்த ஒரு தாள்முனை மட்டும் தெரிந்தது.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டு உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும்; வெளியே போனவர்கள் வெளிச்சத்தோடு வீடு வந்து சேரட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் பெற்றாலும் பெறாவிட்டாலும், யாருக்கும் பயப்படாமல் வயிறாரச் சோறு தின்னட்டும். அழத் தோன்றினால் அழட்டும், சிரிக்கத் தோன்றினால் சிரிக்கட்டும். மகராசிகளாக, மகராசர்களாக இருங்கள். பார்த்துப் போங்கள்.